கேப்டன் பெருமாள்சாமி எங்கே நிற்கிறார்?

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் இருக்கிற லிங்கசாமியின் பனியன் கம்பெனிக்குள் போய், கட்டிங் மாஸ்டர் பெருமாள்சாமி எங்கே என்று யாரைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "பின்னாடி பாருங்க." டீக்கடைக்குப் போனால் பெஞ்சுக்குப் பின்னால் நிற்பார். பஸ் ஏறினால் கடைசி சீட்டு. கோயிலுக்குப் போனால் தூணுக்குப் பின்னால் நின்று, சாமிக்கே தன்னைக் காட்டாமல் கும்பிட்டுவிட்டு வருவார். அவருடைய வேண்டுதல் ஒன்றுகூடப் பலிக்காததற்குக் காரணம் அதுதான் என்பாள் அவர் மனைவி முத்துப்பேச்சி. சாமி ஆளைப் பார்த்தால்தானே கொடுக்கும்?

அவர்கள் கல்யாண ஆல்பத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் நீங்கள். முத்துப்பேச்சி கழுத்து நிறைய மாலையோடு மகாராணி மாதிரி நிற்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அந்தக் காதுதான் மாப்பிள்ளை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, டெய்லருக்கு உதவியாகப் பனியன் கை மடித்துவிடும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக மாஸ்டர் ஆன பிறகும் இந்தக் குணம் போகவில்லை. கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எல்லாரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் சுவரில் மாட்டுவார்கள். ஒரு வருடத்துப் போட்டோவில் அவருடைய வழித்துச் சீவிய தலைமுடி மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஒரு முழங்கை. ஒன்றில் அதுவும் இல்லை; ஆனால் அவர் அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சத்தியம் செய்கிறார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே வெட்டுக்கோடு வரைந்த மார்க்கர் பேப்பரைப் பரப்பி, கட்டிங் மிஷினைப் பிடித்தாரென்றால் கோட்டை விட்டு நூல் அளவு நகராது. "பயந்த மனுசன் கைதானுங்க கட்டிங்குக்கு லாயக்கு. தைரியசாலிகிட்டக் குடுத்தா துணியோட மேசையும் போயிரும்" என்பார் முதலாளி லிங்கசாமி. நாய்க்குப் பயம், பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். லிங்கசாமியின் வீட்டம்மா பழனியம்மாளுக்கு மட்டும் இந்த மூன்றையும் கூட்டினால் எவ்வளவோ அவ்வளவு பயம்.

இப்படிப்பட்ட ஆள் எப்படி ஒரு விண்வெளிக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார் என்பதுதான் கதை.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம். கரண்ட் போய்ப் போய் வந்த காலம். வந்து வந்து போன காலம் என்றும் சொல்லலாம், எப்படிச் சொன்னாலும் மிஷின் ஓடவில்லை. இருக்கிற டீசலை ஜெனரேட்டரில் ஊற்றித் தையல் பக்கத்தை மட்டும் ஓட்டுவார்கள். கட்டிங் ஹாலில் இருட்டும் வேர்வையும்தான். அந்த நேரத்தில் டென்மார்க்கிலிருந்து, சரக்கு வாங்குகிற பையர் சார்பாகத் துணியைச் சோதிக்க ஒரு நெட்டை வெள்ளைக்காரர் வந்து, சரக்கு முடியாததால் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். சும்மா இருக்க முடியாமல் பெட்டியிலிருந்து ஒரு விளையாட்டை எடுத்து, மெர்ச்சண்டைசர் ராஜ்கமலுக்குக் கற்றுக்கொடுத்தார். இருபத்து நாலு வயசுப் பயல் அவன். பையர்களோடு மெயிலில் இங்கிலீஷ் பேசுகிறவன் என்பதால் கொஞ்சம் மிதப்பு. வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது, வாங்கிய பனியன்களின் எடையால் விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனார்.

விளையாட்டு இதுதான். வானத்தில் ஒரு கப்பல் போகிறது. அதில் நீங்கள் ஒரு ஆள். என்ன நடக்கிறது என்று ராஜ்கமல் சொல்லுவான். அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது பக்கம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். கழுதை வயசு ஆனவர்களுக்கு இது என்ன விளையாட்டு என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள், கரண்ட் இல்லாத மத்தியானம் கட்டிங் ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சீட்டுப் போட்டு எடுத்தார்கள். செக்கிங் சூப்பர்வைசர் அனுசுயாவுக்குத் துப்பாக்கிக்காரி வேடம். சாத்தூர்க்காரி, துணியில் குறை கண்டுபிடித்தே பழகிய கண், குறி தப்பாது. முதலாளி லிங்கசாமிக்குக் கப்பலின் இஞ்சின் மெக்கானிக். கேப்டன் சீட்டு பெருமாள்சாமிக்கு வந்தது. அவர் அதைத் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுக்கப் பார்த்தார். அனுசுயா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதலாளி இருக்கப்ப நான் எப்படிக் கேப்டனா இருக்கது?"

"அதனாலென்னுங்க மாஸ்டர்? கெம்பெனிக்கு நான் மொதலாளி. வானத்துல எனக்கு ஒரு செண்டு எடங்கூடக் கெடையாது. தைரியமாச் சொல்லுங்க" என்றார் லிங்கசாமி.

தைரியமாகச் சொன்னார் பெருமாள்சாமி: "மொதலாளி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, வேற வேலை ஒண்ணும் இல்லன்னா, அந்த இஞ்சினக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ண முடியுமான்னு பாருங்க." வானத்தில் கொடுக்கப்பட்ட முதல் உத்தரவு அது.

முதல் சில வாரங்கள் பொம்மை இல்லாமல், வெறும் வாய்ப்பேச்சாகவே விளையாடினார்கள். அங்கேதான் வந்தது வினை.

"கதவு தொறக்குது. உள்ள ஏதோ மூச்சு விடுற சத்தம். கேப்டன், என்ன செய்றீங்க?" என்பான் ராஜ்கமல்.

"நான் எங்க நிக்கேன்?"

"கதவுக்கு முன்னாடி."

"இல்லையே. நான் அப்பமே பின்னாடி போயிட்டேனே."

"எப்பப் போனீங்க?"

"நீங்க கதவுன்னு சொன்ன ஒடனே."

இதற்குள் லிங்கசாமி குறுக்கே வருவார். "ஏனுங், உள்ள இருக்கிறவிங்க சாப்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க. மூச்சு வாங்கறதப் பார்த்தா பசியாட்ட இருக்குது." அனுசுயா கேட்க மாட்டாள், சுட்டுவிடுவாள். கடைசியில் பார்த்தால் உள்ளே இருந்தது கப்பலின் சமையல்காரனாக இருக்கும். யார் எங்கே நின்றார்கள், குண்டு யார் மேல் பட்டிருக்க வேண்டும் என்று வாய்த்தகராறு கிளம்பும். கேப்டன் மேல் மட்டும் எதுவும் படாது. அவர் எப்போதும் எல்லாருக்கும் பின்னால்தான் இருந்திருப்பார்.

ராஜ்கமலுக்கு ஒருநாள் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியின் அடியில் கிடந்த பொம்மைகளை எடுத்து மேசையில் கொட்டினான். கட்டை விரல் உயரத்தில் ஈயப் பொம்மைகள், ஆட்களும் மிருகங்களும்.

"இனிமே வாய்ப்பேச்சு செல்லாது. பொம்மை எங்க நிக்குதோ அங்கதான் நீங்க நிக்கிறீங்க. பொம்மை இல்லாட்டி ஆளே இல்லை. முடிஞ்சது."

அப்புறம் பார்க்க வேண்டுமே வேடிக்கையை! பனியன் கம்பெனியிடம் பொம்மையைக் கொடுத்தால் சும்மா விடுமா? மார்க்கர் பேப்பரைப் புரட்டிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தார் பெருமாள்சாமி. கட்டிங் மேசை முழுவதும் வானம் ஆனது. நூல் தீர்ந்த கோன்கள் கப்பலின் சுவர். ரிஜெக்ட் ஆன பொத்தான்கள் வேற்றுக் கிரகத்துச் சனம். பிரிண்டிங் பக்கத்தில் மீந்த சாயத்தை வாங்கிவந்து பொம்மைகளுக்கு அனுசுயா வர்ணம் தீட்டினாள். அந்த சீசனில் ஒரு ஆரஞ்சு நிறம் ஓடிக்கொண்டிருந்தது; எனவே கேப்டனின் உடுப்பு ஆரஞ்சு. ஊசி முனையால் தொட்டு அவருக்கு ஒரு மீசையும் வைத்தாள், அச்சாகப் பெருமாள்சாமியின் மீசை. லிங்கசாமி தனக்குப் பேன்ட் ஒத்துவராது என்று அடம்பிடித்ததால் மெக்கானிக் பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே வெள்ளை பூசி வேட்டியாக்கினாள். எட்டுக் காலும் மூன்று வாயுமாக ஒரு பெரிய மிருகம் இருந்தது. அதற்கு லிங்கசாமிதான் பெயர் வைத்தார்: ஆடிட்டர்.

கேப்டன் பொம்மை நின்ற நிலையைச் சொல்ல வேண்டும். ஒரு காலைப் பாறை மேல் முன்வைத்து, வலது கையை நீட்டி, யாரையோ 'நில்' என்று அதட்டுகிற நிலை. கையில் துப்பாக்கி இருந்திருக்கிறது. பெட்டியில் உடைந்து போயிற்று. வெறும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், ஆனால் அந்த முகத்தில் பயம் என்பது பேருக்குக்கூட இல்லை. பெருமாள்சாமி அதைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போது தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஆனால் விளையாட்டு தொடங்கியதும் என்ன செய்தார்? அதைக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்தில், ஒரு நூல் கோனுக்குப் பின்னால் வைத்தார். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஆரஞ்சுச் சட்டை, மீசை, முன்வைத்த கால், நீட்டிய கை. எதிரே ஒரு காலிக் கோன்.

"அண்ணாச்சி, கேப்டன் கோனுக்கு உத்தரவு போடுதாரு" என்றாள் அனுசுயா பெருமாள்சாமியிடம். ஹாலே சிரித்தது. லிங்கசாமி வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெருமாள்சாமியும் சிரித்தார். ஆனால் அவருக்கு உள்ளே சுருக்கென்றது. இத்தனை வருடமாகப் பின்னால் நிற்கிறார். பின்னால் நிற்கிற ஆள் எப்படி இருப்பான் என்று அவர் பார்த்ததே இல்லை. பின்னால் இருந்தால் எப்படித் தெரியும்? இப்போது மேலேயிருந்து பார்த்துவிட்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

வீட்டில் முத்துப்பேச்சியிடம் சொன்னார். "என்னத்துக்கு இப்படி முழிக்கீக? ஒரு ஈயக்கட்டைய ரெண்டு கட்டம் தள்ளி முன்ன வைக்கதுக்கா இம்புட்டு ரோசனை? அதக் கடிச்சா ஒங்களுக்கா வலிக்கப் போவுது?" என்றாள் அவள்.

"வலிக்கும்னுதான் தோணுது" என்றார் இவர்.

பொங்கல் லீவுக்கு முந்தின ஆட்டம் வந்தது. ஆடிட்டர் கப்பலின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அனுசுயாவின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்து, அவள் பொம்மை மிருகத்தின் மூன்று வாய்க்கும் நேர் கீழே நிற்கிறது. லிங்கசாமியின் மெக்கானிக் ஒரு மூலையில் நின்று, "ஏனுங் ஆடிட்டருங்களே, பேசித் தீர்த்துக்கலாமுங்க, எதுவா இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். கேப்டன், வழக்கம்போல, கோனுக்குப் பின்னால்.

"கேப்டன், இப்ப என்ன செய்றீங்க? நீங்க வரலைன்னா அனுசுயாக்கா காலி" என்றான் ராஜ்கமல்.

பெருமாள்சாமி கையை நீட்டினார். பொம்மையைத் தூக்கினார். கோனைத் தாண்டிக் கொண்டுவந்தார். மேசைக்கு நடுவே, மிருகத்துக்கும் அனுசுயாவுக்கும் இடையே இருந்த கட்டத்துக்கு மேலே அவர் கை வந்து நின்றது.

பட்டென்று கரண்ட் வந்தது.

ஃபேன் சுற்றியது, டியூப்லைட் மின்னியது, 'ஹோ' என்று கம்பெனி முழுக்க ஒரு சத்தம். மேசையில் துணி விரிக்க வேண்டும். எல்லாவற்றையும் வாரி எடுத்தார்கள். யார் எங்கே நின்றார்கள் என்று ராஜ்கமல் மார்க்கர் பேப்பரிலேயே குறித்துச் சுருட்டி வைத்தான். கேப்டன் மட்டும் எந்தக் கட்டத்திலும் இல்லை. மாஸ்டரின் கையில், அந்தரத்தில் இருந்தார்.

"லீவு முடிஞ்சு வந்து வைக்கேன். கட்டாயம் வைக்கேன்" என்றார் பெருமாள்சாமி. பொங்கல் கூட்டத்தில் பஸ்ஸில் கொண்டுபோனால் பொம்மை நசுங்கிவிடும் என்று, ஆபீஸ் ரூமில் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஆள் திரும்பி வருவானா என்பதுதான் திருப்பூரில் முதலாளிமாரின் பெரிய கவலை. அங்கேயே ஒரு வேலை அமைந்து நின்றுவிடுவார்கள்; இல்லையென்றால் பக்கத்துக் கம்பெனிக்காரன் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கிவிடுவான். பழனியம்மாள் பிறந்த ஊர் கொமரலிங்கம். அந்தப் பக்கத்து மாலகோயிலில், மாடு கன்று நன்றாக இருக்க வேண்டும் என்று மண்ணால் செய்த மாட்டுப் பொம்மையைப் பொங்கலுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். உருவாரம் என்று பெயர். பிள்ளைக்கு நேர்ந்தால் பிள்ளை உருவாரம், ஆளுக்கு நேர்ந்தால் ஆள் உருவாரம். எதற்கு வேண்டுகிறோமோ அதன் உருவத்தை வைக்க வேண்டும். அந்த வருடம் அம்மா, போன ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விளக்கேற்றக் கம்பெனிக்கு வந்தார். அலமாரியைத் திறந்தால் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் பொம்மை. கம்பெனி ஆர்டரின் ஆரஞ்சு நிறம். கட்டிங் மாஸ்டரின் மீசை. வேறென்ன நினைப்பார்? மாஸ்டர் அடக்கமான மனுசர், வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, தன் உருவாரத்தைத் தானே செய்து இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று உருகிப்போனார். மடியில் கட்டிக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டார்.

லீவு முடிந்து எல்லாரும் வந்தார்கள். நிஜமாகவே எல்லாரும் வந்தார்கள். பக்கத்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கூடுதலாகக்கூட வந்தார்கள். பெருமாள்சாமி பையை வைத்த கையோடு அலமாரியைத் திறந்தார். பிள்ளையார் தனியாக இருந்தார்.

விசாரித்ததில் லிங்கசாமி தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். ராஜ்கமல் அசையவில்லை. "பொம்மை இல்லாட்டி ஆள் இல்லை. நாளைக்கு ஆட்டத்துல கேப்டன் இல்லைன்னா, மெக்கானிக்தான் அடுத்த கேப்டன்."

"நான் கேப்டனானா மொத வேலையா அந்த ஆடிட்டருக்கு ஒரு டீ சொல்லிருவேனுங்க" என்றார் லிங்கசாமி.

"அண்ணாச்சி, டீ வாரதுக்குள்ள அது என்னையத் தின்னுரும். எப்படியாச்சும் பொம்மையக் கொண்டாங்க" என்றாள் அனுசுயா பெருமாள்சாமியைப் பார்த்து.

நியாயப்படி பெருமாள்சாமிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முன்னால் நிற்கிற தொல்லை விட்டது, பழியும் இல்லை. ஆனால் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முன்னே வைக்கக் கையைத் தூக்கினேன், அது அந்தரத்திலேயே போய்விட்டதே என்று பொருமினார். அன்றைக்கு அவர் மார்க்கரில் ஒரு கோட்டைத் தாண்டி வெட்டியதாகக்கூடப் பேச்சு இருக்கிறது.

சாயங்காலம் ராஜ்கமலைத் துணைக்கு இழுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். பழனியம்மாள் வாசலில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு ராஜ்கமலு. ஆரு அது பின்னாடி?"

"நான்தாம்மா" என்றது ராஜ்கமலின் முதுகு.

"அட, மாஸ்டருங்களா! உங்க பேரச் சொல்லித்தானுங்க அந்த உருவாரத்த வெச்சுப்போட்டு வந்தேன். பாருங்க, ஒரு ஆளு பாக்கியில்லாம அத்தன பேரும் வந்துட்டாங்க!"

இதற்கு மேல் எந்த வாயை வைத்துக்கொண்டு திருப்பிக் கேட்பது? பெருமாள்சாமி ராஜ்கமலின் முதுகை விட்டு ஒரு அடி பக்கவாட்டில் வந்தார். முன்னால் இல்லை, பக்கவாட்டில்தான், ஆனாலும் வந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அத எடுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. யோசித்தார். "சாமிக்கு வெச்சத எடுக்கப்படாதுங்க. ஒண்ண எடுத்தா அந்த எடத்துல ஒண்ண வெக்கோணும், ஆளுக்கு ஆளு. ஆனா சுருக்காப் போங்க. நோம்பி முடிஞ்சுபோச்சு, நாளைக்குக் காத்தால டிராக்டர் உட்டு எல்லாத்தையும் ஒதுக்கிப்போடுவாங்க."

காலையில் கம்பெனி வேன் கிளம்பியது. பெருமாள்சாமி, அனுசுயா, விளையாட்டுப் பெட்டியோடு ராஜ்கமல், எல்லாருக்கும் முன் சீட்டில் லிங்கசாமி. பஞ்சாயத்துக்கு இருக்கட்டும் என்று பழனியம்மாளும் ஏறிக்கொண்டார். பெருமாள்சாமி கடைசி சீட்டு, சொல்ல வேண்டியதே இல்லை.

கோயில் முன்னால் ஒரு வயல் அளவுக்கு மாடுகள். சின்னது, பெரியது, வெள்ளை, செவலை, கொம்பு ஒடிந்தது, கன்றோடு நிற்பது. எல்லாம் மண் மாடு. நடுவில் ஒரு ஈய மனுசனை எங்கே தேடுவது? "அய்யய்யோ" என்று ராஜ்கமல் தலையில் கை வைத்தான்.

"எதுக்குக் கண்ணு தேடறீங்க? மொத வரிசையப் பாருங்க. மாஸ்டரு எங்க போனாலும் பின்னாடியே நிக்கறாரு, சாமி கண்ணுக்கே படமாட்டேங்கறாருன்னு நான்தான் எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சேன்" என்றார் பழனியம்மாள்.

பார்த்தார்கள். மொத்த மாட்டுப் பட்டாளத்துக்கும் முன்னால், நெற்றியில் குங்குமத்தோடு, காலை முன்வைத்துக் கையை நீட்டி நின்றுகொண்டிருந்தார் கேப்டன். அதே நேரத்தில் டிராக்டரும் வந்தது. முன்னால் பலகை கட்டிய டிராக்டர், முதல் வரிசையை நோக்கித்தான் வந்தது. வேனருகே நின்றவர்கள் 'ஏய், ஏய், நிறுத்துங்க' என்று கத்தினார்கள். டிராக்டர் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்?

வேனுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து போனது. லிங்கசாமி முதலில் நாய் என்றுதான் நினைத்தாராம். பெருமாள்சாமி! செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். ஓடிப்போய் டிராக்டருக்கு எதிரே குதித்து, ஒரு காலை முன்னால் ஊன்றி, வலது கையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினார்:

"நில்லுலே!"

டிராக்டர் முனகிக்கொண்டு நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலீங்களா?"

"வண்டிய எடுக்காதீக! அங்க நான் நிக்கேன்!"

"நீங்க இங்கல்ல நிக்கறீங்க?"

"அங்கயும் நிக்கேன்!"

டிரைவர் கீழே பார்த்தார். ஒரே மீசை, ஒரே கை, ஒரே கால். ஒன்று கட்டை விரல் உயரம், ஒன்று ஐந்தரை அடி. பயந்துபோய் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். அனுசுயா அந்தச் சமயத்தில் செல்போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தாள். கொஞ்சம் ஆடியிருக்கிறது; ஆனால் ஆள் முழுதாக இருக்கிறார்.

ஆளுக்கு ஆள் வைக்க வேண்டுமே? எல்லாரும் லிங்கசாமியைப் பார்த்தார்கள். அவர் பெருமூச்சோடு பெட்டியிலிருந்து தன் வேட்டி கட்டிய மெக்கானிக்கை எடுத்து, பூசாரி காட்டிய இடத்தில், ஒரு செவலை மாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். விதிப்படி அவர் இனிமேல் கப்பலில் இல்லை. மாடுகள் மட்டுமே வாழும் ஒரு கிரகத்தில் இறங்கிவிட்டதாக ராஜ்கமல் அங்கேயே அறிவித்தான்.

"அதுவே நொம்ப சவுரியமுங்க. பால் வியாபாரம் பார்த்துக்கறேன்" என்றார் லிங்கசாமி. அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

மத்தியானம் கரண்ட் போனது. கரண்ட் போனதை இப்படி ஒரு சந்தோஷத்தோடு முதலிபாளையம் அதற்குமுன் கொண்டாடியதில்லை. மார்க்கர் பேப்பரை விரித்தார்கள். தையல் பக்கத்து ஆட்கள்கூட எட்டிப்பார்க்க வந்துவிட்டார்கள். பெருமாள்சாமி கேப்டனின் நெற்றிக் குங்குமத்தை அழிக்காமல், நேராகக் கொண்டுபோய் ஆடிட்டரின் மூன்று வாய்க்கும் முன்னால் வைத்தார். இந்தத் தடவை கை அந்தரத்தில் நிற்கவில்லை.

"நில்லுலே!" என்றார் மிருகத்திடம்.

"பகடையைப் போடுங்க, கேப்டன்."

ஊதி, உருட்டிப் போட்டார். பகடை மேசை முழுக்க ஓடி, கோனில் இடித்துத் திரும்பி வந்து நின்றது. ஒன்று. இருபது பக்கத்தில் அதைவிட மோசமான பக்கம் கிடையாது.

"செத்துட்டேனா?" என்றார் பெருமாள்சாமி.

"செத்துட்டீங்க மாஸ்டர். ஒரே முழுங்கு."

"அனுசுயா?"

"பொழச்சாச்சு. அது உங்களத் தின்னுட்டு இருக்கும்போது அவங்க கதவு வழியா ஓடிட்டாங்க."

பெருமாள்சாமி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், ஜெனரேட்டர் ரூம் வரைக்கும் கேட்டது. அன்று முழுக்க எதிரே வந்தவர்களிடமெல்லாம், "நான் செத்துட்டேன் தெரியுமா? முன்னாடி நின்னு செத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டுக்குப் போய் முத்துப்பேச்சியிடமும் அதையே சொல்ல, விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று கரண்டியால் ஒன்று வாங்கினார். அவருக்கு அப்போதும் சந்தோஷம்தான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கும் போட்டோ எடுத்தார்கள். ஆபீஸ் சுவரில் இன்றைக்கும் தொங்குகிறது, போனால் பாருங்கள். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டிருக்கிறது. எல்லாருக்கும் முன்னால், நட்டநடுவில், ஒரு காலை நூல் பெட்டி மேல் வைத்து, வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்தான் கட்டிங் மாஸ்டர் பெருமாள்சாமி. அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரியும். அது முதலாளி லிங்கசாமி.